பட்டாவில் யார் பெயர்? ருவாண்டாப் பெண்களும் நில உரிமையும்

ருவாண்டாவில் ஒரு குடும்பத்தின் நிலப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு நீண்ட எண். மாகாணம், மாவட்டம், செக்டர், செல் (இவ்விரண்டும் மாவட்டத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவுகள்), துண்டு என்று ஐந்து பகுதிகளைச் சாய்கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். அடுத்து உரிமையாளர்களின் பெயர்கள், அவரவர் அடையாள அட்டை எண்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு சதவீதம் இருக்கும். கணவன் 50, மனைவி 50. நாட்டில் பதிவான நிலத்துண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படி இருவர் பெயரிலும் உள்ளன.

1999-க்கு முன்பு அந்த நாட்டில் மகளுக்கு வாரிசுரிமையே கிடையாது. ஆப்பிரிக்காவில் பெண்ணுரிமை என்றால் மாநாட்டுத் தீர்மானங்களும் நாடாளுமன்ற இருக்கைகளுமே அதிகம் பேசப்படுகின்றன. ருவாண்டாவே அதற்கு எடுத்துக்காட்டு. அதன் கீழவையில் 80 இடங்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆனால் மலைச்சரிவில் அரை ஏக்கர் பீன்ஸும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு அந்த எண்ணைவிடப் பத்திரத்தில் இருக்கும் 50 என்ற எண்ணே பெரிது. அது எப்படி வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைப் பார்த்தால் ஒரு சட்டம் வயல்வரை நடந்து வரும்போது எங்கெங்கே கால் தடுக்குகிறது என்பது புரியும்.

பழைய வழக்கத்தில் நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். மகன் திருமணமாகித் தனிக்குடித்தனம் போகும்போது தந்தை பிரித்துக் கொடுக்கும் பாகத்துக்கு உமுனானி என்று பெயர். மகள் கணவன் வீட்டு நிலத்தில் பாடுபடுவாள். கணவன் இறந்தால் மகன்கள் வளரும்வரை அந்த நிலத்தைக் காத்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனாலும் வழக்கம் பெண்ணை முழுக்கக் கைவிட்டது என்று சொன்னால் அது சரியாகாது. மணமாகிப் போகும் மகளுக்குத் தரும் நிலத்துக்கு இன்தெகெஷ்வா என்று பெயர். பிறந்த குழந்தையைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டும்போது கொடுப்பது இன்குரி. சாகும் தறுவாயில் தந்தை மகளுக்கு நினைவாக விட்டுச் செல்வது உர்விபுத்சோ. கொடுப்பதற்கு இத்தனை பெயர்கள் இருந்தன, கொடுக்கத்தான் நிலம் இல்லாமல் போனது. 26,000 சதுர கிலோமீட்டர் சொச்சம் பரப்பில் நெருக்கியடித்து வாழும் வேளாண் நாடு அது. ஒரு குடும்பத்தின் மொத்த நிலம் ஒரு ஹெக்டேரைக்கூட எட்டாமல், அதுவும் நான்கைந்து துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. பற்றாக்குறை வந்ததும் முதலில் வெட்டப்பட்டது மகளின் பங்கு.

1994 இனப்படுகொலை இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தையே உடைத்துவிட்டது. ஏப்ரல் முதல் ஜூலைவரை நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஆண்கள் இறந்தார்கள், சிறைக்குப் போனார்கள், எல்லை தாண்டினார்கள். மூன்றில் ஒரு குடும்பத்துக்குப் பெண்ணே தலைமை தாங்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் வீடு திரும்பியபோது கணவனின் சகோதரனோ ஒன்றுவிட்ட உறவினரோ நிலத்தில் உழுதுகொண்டிருந்தார். குடும்பத்தில் தான் ஒருத்தி மட்டும் தப்பிய மகளுக்குத் தந்தையின் நிலத்தில் கால் வைக்க உரிமை இல்லை, ஏனென்றால் அவள் மகள். எடுத்துக்கொள்ள ஆண் வாரிசே இல்லாத நிலம் பெண்ணுக்கும் இல்லை என்று சொல்லும் வழக்கத்தை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை.

1995-இல் கைம்பெண்கள் சேர்ந்து அவேகா-அகஹோசோ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1991 முதலே சட்ட உதவி செய்துவந்த ஹகுருகா அமைப்பு, பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பான ப்ரோ-ஃபாம் ட்வெசே ஹம்வே, 1996-இல் உருவான பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மன்றம் ஆகியவை சேர்ந்து அழுத்தம் கொடுத்தன. பாலினத் துறை அமைச்சராக இருந்த அலோய்சியா இன்யும்பா அதை அமைச்சரவைக்குள் கொண்டுசென்றார். திருமணச் சொத்து முறைகள், தானங்கள், வாரிசுரிமை குறித்த சட்டம் 1999 நவம்பர் 12 தேதியிட்டு வந்தது. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உமுனானி கொடுத்தால் இருபாலருக்கும் கொடுக்க வேண்டும். திருமணம் செய்வோர் மூன்று சொத்து முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: எல்லாச் சொத்தும் கூட்டு, மணத்துக்குப் பின் சேர்ப்பது மட்டும் கூட்டு, முழுக்கத் தனித்தனி. எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதலாவதே பொருந்தும்.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பெண்ணுரிமை உடன்படிக்கையான மபூட்டோ நெறிமுறை இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2003 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது. அதன் 21-ஆம் பிரிவு கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் நியாயமான பங்கையும், மகன் மகள் இருவருக்கும் பெற்றோர் சொத்தில் நியாயமான பங்கையும் சொல்கிறது. ருவாண்டா அந்த வகையில் முன்னோடி.

ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு சொற்கள் புதைந்திருந்தன: சட்டப்படி மணமானவர், சட்டப்படியான பிள்ளைகள். பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு வேர் இந்த இரண்டு சொற்கள்.

சட்டம் வந்தும் பத்து ஆண்டுகள் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் நிலத்துக்கு எழுத்தே இல்லை. யாருடைய நிலம் என்பது அக்கம்பக்கத்தாரின் நினைவில் இருந்தது. நினைவில் எப்போதும் ஆண் பெயர்தான் பதிந்திருக்கும். 2005 நிலச் சட்டம் இரண்டு விஷயங்களைச் செய்தது. எல்லா நிலமும் பதிவாக வேண்டும் என்றது, நில உரிமையில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது. கூட்டு உரிமை உள்ள நிலத்தை விற்கவோ தானம் கொடுக்கவோ மற்றவர்களின் முன்சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்தது. 2007-இல் நான்கு செல்களில் வெள்ளோட்டம் நடந்தது, பின் 2009 முதல் 2013 வரை நாடு முழுவதும் பதிவு நடந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் அளந்து எழுதப்பட்டன. துண்டு ஒன்றுக்கு ஆன செலவு 10 டாலருக்கும் குறைவு.

அவ்வளவு மலிவாக முடிந்ததற்கு அவர்கள் வைத்துக்கொண்ட முறைதான் காரணம். சங்கிலி போட்டு, கல் நட்டு, சென்டிமீட்டர் கணக்கில் அளக்கவில்லை. வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தந்தச் செல்லிலிருந்தே எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களையும் பெண்களையும் எடுத்துச் சில நாள் பயிற்சி கொடுத்துத் துணை அளவையர்கள் ஆக்கினார்கள். உமுதுகுது எனப்படும் ஊர்ப்பிரிவுக்கு எந்த நாளில் வருவார்கள் என்று முன்கூட்டியே கூட்டம் போட்டுச் சொல்வார்கள். அன்று நிலத்துக்காரர், நான்கு பக்கத்து நிலத்துக்காரர்கள், உள்ளூர் நிலக் குழுவினர் என எல்லோரும் வரப்பின் மேல் நிற்பார்கள். நிலத்துக்காரர் எல்லையை நடந்து காட்டுவார். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஆமாம் என்றால், படத்தில் தெரியும் வேலி, வாய்க்கால், யூகலிப்டஸ் வரிசை ஆகியவற்றை ஒட்டித் துணை அளவையர் பேனாவால் கோடு போட்டு எண் எழுதுவார். அந்த எண் போட்ட ரசீது ஒன்றை அங்கேயே கிழித்துக் கொடுப்பார்கள்.

அடுத்தது மேசை. உரிமைக்கோரல் படிவத்தை அங்கே நிரப்புவார்கள். பெயர், அடையாள அட்டை எண், நிலம் எப்படி வந்தது, திருமண நிலை, துணையின் பெயர், பங்கு எவ்வளவு, இந்த நிலத்தில் அக்கறை உள்ள மற்றவர்கள் யார் என்று கட்டங்கள். பிள்ளைகளின் பெயர் கடைசிக் கட்டத்தில் வரும். படிவம் முடிந்ததும் பட்டியலைச் செல் அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதம் கொடுப்பார்கள். தகராறு இல்லாதவை பதிவேட்டுக்குப் போகும். தகராறு உள்ளவை மத்தியஸ்தத்துக்குப் போகும். கடைசியில் வருவது நீண்டகாலக் குத்தகைப் பத்திரம், ஏனென்றால் அங்கே நிலத்தின் மேலுரிமை அரசுக்கு. வயல் நிலத்துக்குப் பெரும்பாலும் 99 ஆண்டு. பத்திரத்தை வாங்கிக்கொள்ளத் துண்டு ஒன்றுக்கு 1,000 ருவாண்டா பிராங்க் கட்ட வேண்டியிருந்தது.

இதில் பெண் பெயர் விடுபட்டுப்போகும் இடங்கள் இரண்டு. முதலாவது கூட்டம். அறிவிப்பு ஊர்த்தலைவர் வழியாக ஆண்களுக்குப் போகிறது, அளவை நாளில் மனைவி வேறொரு துண்டில் களையெடுத்துக்கொண்டிருக்கிறாள், மேசைக்குக் கணவன் மட்டும் தன் அட்டையோடு போகிறான். இரண்டாவதும் பெரியதும் திருமண நிலை என்ற அந்தக் கட்டம்.

ருவாண்டாவில் அரசு ஏற்கும் திருமணம் ஒரே வகைதான். செக்டர் அலுவலகத்தில், பதிவு அலுவலர் முன், ஒரு கையால் தேசியக் கொடியைப் பிடித்து மறு கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வேண்டும். தேவாலயத்தில் நடந்தது, பெண் வீட்டுக்கு மாடு கொடுத்து நடந்தது, ஊரறிய நடந்தது எதுவும் தனியே செல்லாது. ஒரு ஆண் ஒரு பெண் என்பதுதான் விதி. ஆனால் ஏராளமானோர் பதிவு செய்யாமலே குடும்பம் நடத்துகிறார்கள். பரிசமாகத் தரவேண்டிய இன்க்வானோ மாடு முழுக்கக் கொடுத்து முடியவில்லை, சடங்குச் செலவுக்கு வழியில்லை, பெண்ணுக்கு 21 வயது ஆகவில்லை (அதுதான் நீண்ட காலம் சட்ட வயது), அல்லது அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள். காரணம் எதுவானாலும் சான்றிதழ் இல்லாதவள் மேசைக்கு முன்னால் மனைவி இல்லை.

வெள்ளோட்டம் முடிந்து உலக வங்கி ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. சான்றிதழ் உள்ள மனைவிகளின் நில உரிமை முன்பைவிட உறுதியானது. பெண்கள் நடத்தும் குடும்பங்கள் மண் அரிப்பைத் தடுக்க வரப்பும் படிக்கட்டு வயலும் போடுவது கூடியது. இனி நிலம் கையைவிட்டுப் போகாது என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம், ஏனென்றால் சரிவில் படி வெட்டுவது பல ஆண்டு பலன் பார்த்துச் செய்யும் வேலை. ஆனால் சான்றிதழ் இல்லாத பெண்களின் நிலை பதிவுக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. முன்பு ஊர் நினைவில் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது. எழுத்து வந்ததும் அந்த இடம் அழிந்தது.

எனவே நாடு முழுவதும் போவதற்கு முன் படிவத்தையும் நடைமுறையையும் திருத்தினார்கள். பதிவில்லாமல் சேர்ந்து வாழ்பவர்களும் இருவர் பெயரையும் எழுதலாம், பங்கு சதவீதத்தையும் குறிப்பிடலாம் என்று ஆனது. ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைத் திருத்துவது சின்ன வேலை போலத் தெரியும். எங்கள் பார்வையில் இந்தத் திட்டத்தில் நடந்த மிக நல்ல காரியம் அதுதான். ஆனாலும் ஒரு ஓட்டை மீதமிருந்தது. பதிவுத் திருமணத்தில் மனைவியின் பாதி அவளுடைய உரிமை. சேர்ந்து வாழ்பவளின் பாதி அவன் ஒப்புக்கொண்டால்தான்.

அந்த ஒப்புதல் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் 15 ஆண்டுகளாக ஒருவனோடு வாழ்ந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள், நிலம் அவன் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது. அவன் வேறொருத்தியைச் செக்டர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டுச் சொத்து முறையில் மணக்கிறான். மறுநாளிலிருந்து அந்த நிலத்தில் பாதி புதியவளுக்கு. பதினைந்து ஆண்டு உழைத்தவளுக்கு நேரடிப் பங்கு இல்லை. தந்தை சட்டப்படி ஏற்றுக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு மட்டும் வழியுண்டு. இதைத் தடுக்க 2008-ஆம் ஆண்டின் பாலின வன்முறைச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு ஒன்று வைத்தார்கள். பல பெண்களோடு வாழ்ந்தவன் ஒருத்தியைச் சட்டப்படி மணக்கும் முன், கூட்டாகச் சேர்த்த சொத்தை மற்றவர்களோடு சமமாகப் பங்கிட வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் அவன் மணக்கப்போவதை அவள் முன்கூட்டியே அறிந்து, வழக்கும் போட்டால்தான் பயன். சட்ட உதவி அமைப்புகள் இத்தகைய பெண்களுக்குச் சொல்லும் நடைமுறை யோசனை வேறு: அவன் நல்ல மனநிலையில் இருக்கும்போதே அவள் உழும் ஒரு துண்டையாவது அவள் பெயரில் தனியாக எழுதி வாங்கிவிடு.

மகள்களின் கதைக்கு வருவோம். மனைவியின் உரிமையைவிட மகளின் உரிமை நடைமுறையில் மெதுவாகவே நகர்கிறது. மனைவி பெயர் படிவத்தில் தானாக வருகிறது. மகள் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் அண்ணன் தம்பியோடு பகை. நாளைக்குக் கணவனோடு ஒத்துவராமல் திரும்பி வந்தால் ஒதுங்க இருக்கும் ஒரே இடம் அந்தத் தாய்வீடுதான், அதையும் அரை ஏக்கருக்காக இழக்க வேண்டுமா என்று அவள் யோசிக்கிறாள். மணமானவளுக்குக் கணவன் வீட்டிலும் பாதி, இங்கும் பங்கா என்று சகோதரர்கள் கேட்பார்கள். அவள் கணவன் வீட்டில் கிடைத்தது அவன் சகோதரிகள் விட்டுக்கொடுத்த பங்கு என்பதை யாரும் சொல்வதில்லை. அதோடு 1999 சட்டம் பின்னோக்கிச் செல்லாது. அதற்கு முன்பே இறந்த தந்தையின் நிலத்தைச் சகோதரர்கள் பிரித்துக்கொண்டிருந்தால் மகளின் வழக்கு நிற்பது கடினம்.

2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது உமுனானி கொடுப்பது கட்டாயமில்லை என்று ஆனது. நிலம் துண்டு துண்டாவதைத் தடுக்க அது உதவும், பெற்றோரைப் பிள்ளைகள் நெருக்குவதும் குறையும். சம உரிமைச் சொல்லும் அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டாயம் போனபின் கொடுப்பதும் விடுவதும் பெற்றோர் மனசு என்றானது. மகனுக்கு வீடு கட்ட இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று நினைக்கும் ஊரில் அந்த மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

பதிவுக்குப் பிறகான ஆண்டுகளில் வேறொரு பழுது மெல்லத் தலைகாட்டியது. முதல் பதிவு மலிவு, பெயர் மாற்றம் மலிவு இல்லை. நிலம் எவ்வளவு சிறியதானாலும் ஒரே கட்டணம், சுமார் 30,000 பிராங்க். வயல் கூலி நாளொன்றுக்கு ஆயிரம் பிராங்கைச் சுற்றியே இருந்த இடத்தில் அது ஒரு மாதக் கூலி. விளைவு, விற்பனை, தானம், பாகப்பிரிவினை எல்லாம் வெள்ளைத்தாளில் சாட்சிக் கையெழுத்தோடு நின்றுபோயின. பதிவேட்டில் இறந்தவர் பெயரே தொடர்ந்தது. 2013 நிலச் சட்டம் இதைச் சிக்கலாக்கியது. பிரித்தபின் ஒரு ஹெக்டேருக்குக் குறையும் என்றால் வயல் நிலத்தைப் பிரித்துப் பதியக் கூடாது என்றது. அந்த நாட்டில் அநேகமாக எல்லா வயலும் அந்த அளவுக்குக் கீழேதான். ஆகவே வாரிசுகள் கூட்டுப்பெயரில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. களத்தில் பிரித்து உழுதார்கள், காகிதத்தில் யாரோ ஒருவர் பெயர் முன்னால் நின்றது. அது பெரும்பாலும் மூத்த மகன். சகோதரியின் பங்கு வாய்வார்த்தையாகத் தங்கிவிட்டது.

கைம்பெண்ணுக்கு இந்தத் தாமதம் நேரடி ஆபத்து. கூட்டுச் சொத்து முறையில் பாதி ஏற்கெனவே அவளுடையது, அது வாரிசுப் பங்கீட்டுக்குள் வராது. ஆனால் கணவன் பெயரில் மட்டும் நிலம் எழுதியிருந்து, சான்றிதழும் வீட்டில் இல்லை என்றால், கணவன் வீட்டார் வந்து நிற்கும்போது அவள் காட்ட எதுவும் இருக்காது. அவள் செய்ய வேண்டியவற்றின் வரிசை இது. செக்டரில் இறப்பைப் பதிந்து சான்று வாங்க வேண்டும். திருமணச் சான்றின் நகல் எடுக்க வேண்டும் (இப்போது இரெம்போ என்ற அரசு இணையதளம் வழியாக எடுக்கலாம்). குடும்பத்தார் கூடி வாரிசுகள் யார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதைக் கொண்டுபோய் நில அலுவலரிடம் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இதில் மூன்றாவது படியில்தான் காரியம் மாட்டிக்கொள்ளும். கையெழுத்துப் போட வேண்டியவர்களே நிலத்தின்மேல் கண் வைத்திருப்பார்கள்.

கையெழுத்து வராவிட்டால் அபுன்சியிடம் போகலாம். ஊர் மக்களே தேர்ந்தெடுக்கும், சம்பளம் இல்லாத மத்தியஸ்தர்கள் இவர்கள். செல் மட்டத்தில் ஏழு பேர், குறைந்தது 30 சதவீதம் பெண்கள். வழக்கை மூன்று பேர் கேட்பார்கள். நீதிமன்றத்துக்கு முன் இங்கே வந்தாக வேண்டிய வழக்குகளில் நிலத் தகராறுகள் பெரும்பங்கு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நடந்து போகும் தூரம். குறையும் அதே இடத்தில்தான். மத்தியஸ்தரும் அதே ஊர், அதே வழக்கத்தில் வளர்ந்தவர். சம பங்கு என்று சட்டம் சொல்லும்போது, சமாதானமாகப் போங்கள், கொஞ்சம் வாங்கிக்கொள் என்று முடித்துவைப்பது உண்டு. எழுத்தில் தீர்ப்பைக் கேட்டு வாங்கும் பெண்ணுக்கு மேல்முறையீட்டு வழி இருக்கிறது. வாய்மொழிச் சமாதானத்தோடு திரும்புபவளுக்கு அது இல்லை.

படிவத்தின் வடிவமே உரிமையைத் தீர்மானிக்கும் என்பதற்கு எத்தியோப்பியாவும் சாட்சி. திக்ரே பகுதியில் 1998 முதல் கொடுத்த நிலச் சான்றுகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருந்தது. பின்னர் தொடங்கிய அம்ஹாரா பகுதியில் கணவன், மனைவி இருவர் பெயரோடு இருவர் புகைப்படத்தையும் ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் முகத்தைத் தாளில் பார்த்து அது தன்னுடையது என்று அறிந்துகொள்ள முடிந்தது. உகாண்டாவில் 1998 நிலச் சட்டம் நிறைவேறியபோது கணவன் மனைவி கூட்டுரிமைப் பிரிவு மட்டும் இறுதி உரையில் காணாமல் போயிருந்தது. அதற்காக மிரியா மடெம்பே போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டிவந்தது.

பெயர் இருந்தும் கைக்கு வராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2007-இல் தொடங்கிய பயிர்த் தீவிரத் திட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வயல்களைச் சேர்த்து ஒரே பயிர் போடச் சொல்கிறார்கள். சோளமா, பீன்ஸா, உருளைக்கிழங்கா என்பதை வட்டாரவாரியாக முடிவு செய்கிறார்கள். முன்பு பெண் தன் துண்டில் பீன்ஸுக்கு நடுவே கீரை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி என்று கலந்து போட்டு, மாதம் தோறும் அடுப்புக்கு ஏதாவது பறித்துவந்தாள். ஒரே பயிராக வந்தபின் அறுவடை மொத்தமாக வரும், மூட்டை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும், பணம் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு யார் பெயரில் என்று நிலப் பத்திரத்தின் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்காது. அதனால் ஊர்களில் வேலை செய்யும் சட்ட உதவியாளர்கள் இப்போது பெண்களிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு: பத்திரத்தில் உன் சதவீதம் எவ்வளவு, சங்கத்தில் உறுப்பினர் எண் உன்னிடம் இருக்கிறதா அவரிடமா?